பியூஸ் ஏன் போச்சு? – ஒரு பின்பால் இயந்திரம் சொன்ன வரலாறு

"மலருக்கு ஏதாவது வரலாற்றுக் கட்டுரை எழுதுப்பா" என்று சங்கத்திலிருந்து கேட்டார்கள். சோழர் வரலாறும் தில்லை வரலாறும் எழுத நம்மில் அறிஞர்கள் பலர் உண்டு. நான் எலெக்ட்ரிகல் படித்தவன். எனக்குத் தெரிந்த வரலாறெல்லாம் காயிலிலும் கம்பியிலும்தான் இருக்கிறது. ஆகவே ஒரு விளையாட்டு இயந்திரத்தின் கதையைச் சொல்கிறேன். "இதெல்லாம் ஒரு வரலாறா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கடைசியில் உங்கள் வீட்டு மெயின் போர்டுக்கே வந்து சேருவேன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்குமே அவர் மாமாதான். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் பழைய சாமான் கடையில் வாங்கிய பின்பால் இயந்திரம் ஒன்றைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு கொண்டு வந்திருந்தார். சாய்வான மேஜை, மேலே கண்ணாடி, உள்ளே இரும்புக் குண்டு. ஸ்பிரிங்கை இழுத்து விட்டால் குண்டு மேலே போய் முட்டி மோதி இறங்கும். கீழே விழாமல் தட்டிவிட இரண்டு கைகள். அவற்றுக்கு பிளிப்பர் என்று பெயர். மணி அடிக்கும், விளக்கு எரியும், புள்ளி ஏறும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு சில்வர் பீச்சை விட அதுதான் பெரிசு.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் வந்தது. நம் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததை மறக்க முடியுமா? மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. மாமா வீட்டு மாடி அறையின் கூரை ஓடு பறந்து, இயந்திரம் முழுக்க நனைந்துவிட்டது. கரண்ட் திரும்பிய பிறகு போட்டுப் பார்த்தால் ஒரு சத்தமும் இல்லை. "காயலான் கடைக்குப் போட்டுடலாம்" என்றார்கள் வீட்டில். மாமா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ இன்ஜினியரிங் கடைசி வருஷம்தானே? ஒரு கை பாரு" என்றார். நானும் சனி ஞாயிறு தோறும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினேன்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். இந்த விளையாட்டுக்கு மூலம் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சில் ஆடிய பேகடெல் என்ற பலகை ஆட்டம். ஆணி அடித்த பலகையில் கோலிக்குண்டை விட்டு நாமும் சின்ன வயதில் ஆடியிருக்கிறோமே, அதன் மூதாதைதான். 1871-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேக் ரெட்கிரேவ் என்பவர் ஸ்பிரிங் வைத்துக் குண்டைத் தள்ளும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1931-ல் சிகாகோவின் காட்லீப் கம்பெனி "பேஃபிள் பால்" என்ற மேஜை மாதிரியை வெளியிட்டது. அதுவரை மின்சாரம் என்ற பேச்சே கிடையாது. ஆணி வளைந்தால் நிமிர்த்துவதோடு ரிப்பேர் முடிந்தது. 1933-ல் ஹாரி வில்லியம்ஸ் என்பவர் "கான்டாக்ட்" என்ற இயந்திரத்தில் பேட்டரியையும் காயிலையும் சேர்த்தார். குழியில் விழுந்த குண்டைக் காயில் உதைத்து வெளியே தள்ளியது. அன்றைக்குப் பிறந்தது மின்சாரப் பின்பால். கூடவே பிறந்தது மின்சாரக் கோளாறும்!

மாமாவின் இயந்திரம் 1970-களின் முற்பகுதியைச் சேர்ந்தது. அதில் ஒரு சிப் கூடக் கிடையாது. கணக்குப் போடுவதெல்லாம் ரிலேக்களும், காயில் இழுக்க இழுக்கப் பல் பல்லாக நகரும் சக்கரங்களும்தான். இந்தச் சக்கரத்துக்கு நம் நாட்டில் நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் இருந்தான். அமெரிக்காவில் பிண அடக்கத் தொழில் செய்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-ல் காப்புரிமை பெற்ற தானியங்கித் தொலைபேசி இணைப்புக் கருவிதான் அவன். 1948-ல் தொடங்கிய பெங்களூர் ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் அந்த ரகக் கருவிகள் தயாராயின. பழைய டெலிபோன் நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரைப் பின்பால் இயந்திரத்தின் முன் நிறுத்தினால் பத்து நிமிஷத்தில் பாதி புரிந்துகொள்வார். நான் அப்படிப்பட்டவன் இல்லை என்பதுதான் பிரச்சினை.

முதலில் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். பிளக்கைப் பிடுங்கி, எல்லாவற்றையும் நன்றாகக் காய வைத்தேன். அது 115 வோல்ட் இயந்திரம். நம்ம ஊர் 230 வோல்ட்டைக் குறைத்துத் தரத் தனி டிரான்ஸ்பார்மர் இருந்தது. அது நன்றாகவே இருந்தது. இயந்திரத்துக்குள் இரண்டு தனித்தனிச் சுற்று: விளக்குகளுக்குச் சுமார் 6 வோல்ட், காயில்களுக்குச் சுமார் 25 வோல்ட். இரண்டுக்கும் தனித்தனி பியூஸ். விளக்கு எரிந்து காயில் இழுக்கவில்லை என்றால் கோளாறு எந்தப் பாதியில் என்று அங்கேயே தெரிந்துவிடும். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்த ரிலே பாயிண்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தேன். வேட்டி அகலத்துக்கு விரியும் வயரிங் படத்தைத் தரையில் போட்டு, மல்டிமீட்டரோடு மண்டியிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் விளக்கு எரிந்தது, மணி அடித்தது. தெருவே கூடிவிட்டது.

ஆடினோம். சில நிமிஷத்தில் காயில் பியூஸ் போனது. புதுசு போட்டேன், மறுபடியும் போனது. கையில் இருந்த கண்ணாடி பியூஸ் தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் வேறு "அண்ணா, அண்ணா" என்று நச்சரிக்கிறார்கள். நான் செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. தடித்த கம்பி ஒன்றை வெட்டி பியூஸ் இருந்த இடத்தில் சுற்றிவிட்டேன். ஆட்டம் ஜோராக நடந்தது. ஒரு பையன் இடது பிளிப்பரை அழுத்திப் பிடித்தபடியே குறி பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் வார்னிஷ் கருகும் வாசனை, அடுத்து மேஜைக்கு அடியிலிருந்து புகை. சுற்றிலும் பிள்ளைகள். கீழே காய்ந்த மரப்பெட்டி.

மாமா ஓடிவந்து மெயினை அணைத்தார். திட்டவில்லை. கம்பியைக் காட்டி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பியூஸ் போச்சுன்னு பார்த்தே. ஏன் போச்சுன்னு கேட்டியா தம்பி?"

அந்தக் கேள்விக்குப் பதில் 1947-ல் இருக்கிறது. அந்த வருஷம் காட்லீப் கம்பெனியின் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த "ஹம்ப்டி டம்ப்டி" இயந்திரத்தில்தான் முதன்முதலாக மின்சார பிளிப்பர்கள் வந்தன. பிளிப்பர் காயிலுக்கு இரட்டை வேலை. குண்டை அடிக்கும் கணத்தில் நிறைய ஆம்பியர் வேண்டும். அடித்தபின் தூக்கிப் பிடித்திருக்கக் கொஞ்சம் போதும். அதனால் எங்கள் இயந்திரத்தில் ஒரே காயிலில் தடித்த கம்பி ஒரு சுற்று, மெல்லிய கம்பி இன்னொரு சுற்று. பிளிப்பர் மேலே போய்ச் சேர்ந்ததும் ஒரு சின்ன பாயிண்ட் திறந்து, மெல்லிய சுற்றையும் வழியில் சேர்த்துவிடும். கரண்ட் இறங்கிவிடும். புயல் ஈரத்தில் துருப்பிடித்து வளைந்த அந்தப் பாயிண்ட் திறக்கவே இல்லை! தடித்த சுற்று மட்டும் முழுக் கரண்ட்டையும் இழுத்துக்கொண்டே இருந்தது. பியூஸ் அதைத்தான் இரண்டு முறை எனக்குச் சொன்னது. நான் அதன் வாயை அடைத்தேன்.

அந்தச் சின்னக் காயிலுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பின்பால் வெறும் அதிர்ஷ்டம், ஆகவே சூதாட்டம் என்று சொல்லி 1942-ல் நியூயார்க் நகரம் அதைத் தடை செய்தது. மேயர் லகார்டியா இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைக்க வைத்தார். 1976-ல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர மன்றக் குழுவின் முன் ஆடிக் காட்டினார். குண்டு எந்த வழியில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஸ்பிரிங்கை இழுத்து விட்டார். சொன்னபடியே இறங்கியது. இது திறமை ஆட்டம் என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்கினார்கள். அதிர்ஷ்டத்தைத் திறமையாக மாற்றியதில் பெரும்பங்கு பிளிப்பருக்குத்தான். அதைத்தான் நான் புகைய வைத்தேன்.

எரிந்த காயிலைக் கடலூரில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோனேன். பிளிப்பர் என்றால் என்னவென்று அந்தப் பெரியவருக்குத் தெரியாது. கருகிய கம்பியின் கனத்தை அளந்து, சுற்றை எண்ணி, அப்படியே சுற்றிக் கொடுத்தார். பாயிண்ட்டை நிமிர்த்தி, சரியான பியூஸ் போட்டேன். பிறகு பல மாதம் பியூஸ் போகவே இல்லை.

1970-களின் கடைசியில் மைக்ரோபிராசசர் வந்து ரிலேக்களை ஒழித்தது. கோளாறுகளை ஒழித்ததா என்றால் இல்லை. டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சுவிட்ச் போட்டவுடனேயே காயில் இழுத்து நின்றுவிடும். போர்டில் உள்ள பேட்டரி கசிந்து செம்புத் தடங்களைத் தின்னும். காயிலின் குறுக்கே இருக்கும் டையோடு அறுந்தால், புது டிரான்சிஸ்டரும் கூடவே போகும். அப்போதும் கேள்வி அதேதான்: பார்ட் போனதா என்பதோடு நிற்காமல், ஏன் போனது என்று கேட்க வேண்டும். பெரிய கம்பெனியான வில்லியம்ஸ் 1999-ல் பின்பால் தயாரிப்பையே நிறுத்தியது. ஆனாலும் ஆர்வலர்கள் வீடுகளில் பழைய இயந்திரங்களை இன்றும் ஓட வைக்கிறார்கள்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம் மாவட்டத்தில் எத்தனை மோட்டார் கொட்டகைகளில் பியூஸ் கட்டையில் தடித்த கம்பி சுற்றியிருக்கிறது என்று ஊருக்குப் போகும்போது பாருங்கள். எத்தனை வீட்டு மெயின் போர்டில் என்றும் பாருங்கள். நம் பொறியியல் புலம் 1945 முதல் இன்ஜினியர்களை உருவாக்கி வருகிறது. பாதுகாப்பு ரிலே பாடத்தில் நான் நல்ல மார்க்தான் வாங்கினேன். ஆனால் அந்தப் பாடம் எனக்குப் புரிந்தது மஞ்சக்குப்பத்து மாடியில், புகைக்கு நடுவில்.

மாமா இப்போது இல்லை. இயந்திரம் அவர் பேரன் வீட்டில் இருக்கிறது. போன பொங்கலுக்குப் போயிருந்தேன். "அங்கிள், பியூஸ் போச்சு" என்றான் பையன். மல்டிமீட்டரை எடுத்து அவன் கையில் கொடுத்து, மாமா கேட்ட கேள்வியை நானும் கேட்டேன்.