செனியா: ஒரு மகரந்தக் கலைச்சொல்லின் வரலாறு

விஞ்ஞானக் கலைச்சொற்கள் யாவும் ஒரு நிகழ்ச்சியின் காரணம் தெளிவுற அறியப்பட்ட பின்னரே தோன்றுகின்றன எனக் கருதுவது பொருந்தாது. பெயர் முந்தியும் விளக்கம் பிந்தியும் அமைவதுண்டு. அவ்வாறு அமையுமிடத்து, பின்வரும் விளக்கம் அச்சொல்லின் எல்லையையே மாற்றிவிடுகின்றது. தாவரவியலில் அருகி வழங்கும் ‘செனியா’ என்னும் சொல்லின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வெண்மணிச் சோளத்தின் கதிரில் மஞ்சள்மணிச் சோளத்தின் மகரந்தம் சேருமாயின், அக்கதிரிலேயே மஞ்சள் மணிகள் தோன்றும். கலப்பின் பயன் அடுத்த தலைமுறைச் செடியிலேயே வெளிப்படும் என எண்ணியோருக்கு இது பெரும் புதிராயிற்று. தாய்ச்செடி தாங்கிய கதிரில் தந்தையின் நிறம் எவ்வாறு ஏறிற்று? வளர்ப்பு விலங்குகளினதும் தாவரங்களினதும் மாறுபாடுகள் பற்றி 1868இல் வெளியிட்ட நூலில், டார்வின் இத்தகைய செய்திகள் பலவற்றைத் தொகுத்து, மகரந்தம் தாய்த்தாவரத்தின் மீது நேரடியாகவே தொழிற்படுகின்றது எனக் கொண்டார். பெண்குதிரையொன்று முன்னர் கூடிய ஆணின் இயல்புகள், பின்னர் வேறோர் ஆணுக்கு அது ஈனும் குட்டியிலும் தோன்றும் என்ற அக்கால நம்பிக்கையையும் அவர் இதனோடு இணைத்து நோக்கினார்.

ஜேர்மனியின் பிறெமன் நகரைச் சேர்ந்த மருத்துவரும் தாவரவியலாளருமான வில்ஹெல்ம் ஒல்பேர்ஸ் பொக்கே, 1881இல் வெளியிட்ட தாவரக் கலப்பினங்கள் பற்றிய நூலில் இந்நிகழ்ச்சிக்குச் ‘செனியா’ எனப் பெயரிட்டார். விருந்தோம்பலையும் விருந்துக் கொடையையும் சுட்டும் கிரேக்கச் சொல் அது. மகரந்தம் தந்த தாவரம், அதனை ஏற்ற தாவரத்துக்கு வழங்கும் கொடை என்பது அவர் கருத்து. அயல் மகரந்தத்தால் தாய்த்தாவரத்தின் எவ்வுறுப்பில் நிகழும் மாற்றத்தையும் அவர் இச்சொல்லுள் அடக்கினார். நிகழ்ச்சியைப் பெயரிட்டாரேயன்றி, அதன் காரணத்தைப் பெயரில் ஏற்றினாரல்லர் என்பது நோக்கற்பாலது.

காரணம் புலப்படப் பதினேழு ஆண்டுகள் சென்றன. 1898இல் கீவ் நகரில் நவாஷினும், 1899இல் பிரான்சில் கினியாரும் இரட்டைக் கருக்கட்டலை வெளிப்படுத்தினர். மகரந்தக் குழாய் கொணரும் இரு ஆண்புணரிகளுள் ஒன்று முட்டைக்கலத்துடன் சேர்ந்து முளையமாகின்றது. மற்றையது முனைவுக் கருக்களுடன் சேர, வித்தகவிழையம் உண்டாகின்றது. ஆகவே, சோளமணியின் நிறம் தங்கும் வித்தகவிழையம் தாயின் உறுப்பன்று. தந்தைக்கும் அதிற் பங்குண்டு. 1899இல் டி விறீசும் கொறென்சும் சோளத்தின் செனியாவுக்கு இவ்வழியே விளக்கம் கண்டனர். செனியாவை ஆராயத் தொடங்கிய கொறென்சே, 1900இல் மெண்டலின் விதிகளை மீளக் கண்டோருள் ஒருவராக விளங்கினார் என்பது இச்சொல்லின் வரலாற்றுச் சிறப்பை உணர்த்தும்.

டார்வின் இணைத்து நோக்கிய மற்றைய நம்பிக்கையின் கதி வேறாயிற்று. அதற்கு வைஸ்மன் ‘ரெலிகொனி’ எனப் பெயரிட்டார். எடின்பரோப் பேராசிரியர் யூவாட் வரிக்குதிரைகளைக் கொண்டு நடத்திய கலப்புச் சோதனைகள் அதற்கு ஆதாரம் தரவில்லை. இரண்டுக்கும் கிரேக்கப் பெயர்கள் வாய்த்தன. ஒன்று மெய்யாய் நிலைத்தது, மற்றையது பொய்யாய் ஒழிந்தது. பெயர் வாய்த்தமை ஒன்றே பொருள் உண்டு என்பதற்குச் சான்றாகாது.

புதிய விளக்கம் செனியாவின் எல்லையைச் சுருக்கிற்று. முளையத்திலும் வித்தகவிழையத்திலும் தோன்றும் விளைவையே அச்சொல் குறிக்கலாயிற்று. ஆயின், கலிபோர்ணியாவில் பேரீந்து மரங்களை ஆராய்ந்த நிக்சன், வெவ்வேறு ஆண்மரங்களின் மகரந்தத்துக்கேற்பக் கனியின் பருமனும் கனியும் காலமும் வேறுபடுவதைக் கண்டார். கனிச்சதையோ முற்றிலும் தாய்க்குரியது. இவ்விளைவைப் பிரித்துக் காட்டச் சுவிங்கிள் 1928இல் ‘மெற்றாசெனியா’ என்ற சொல்லை ஆக்கினார். வித்தினுள்ளிருந்து பரவும் பதார்த்தங்கள் சதையை மாற்றுகின்றன என்பது அவர் கருதுகோள். பேரீந்துக்குக் கையாலேயே மகரந்தம் சேர்க்கும் தோட்டக்காரருக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. எந்த ஆண்மரத்தைத் தெரிவதென்பது அவர்தம் அறுவடைக் காலத்தையே தீர்மானிக்கக் கூடியது. 1992இல் டெனி என்பவர், செனியா என்பதே மெற்றாசெனியாவையும் அடக்கும் என வாதிட்டு, பொக்கேயின் பரந்த பொருளுக்கு மீண்டார். எனவே, இச்சொல்லை ஆள்வோர் எப்பொருளில் ஆள்கின்றனர் என்பதை முதலிலேயே வரையறுத்தல் வேண்டும்.

இதனைத் தமிழாக்க முனைவோருக்கும் இவ்வரலாறு ஒரு பாடமாகும். ‘விருந்து’ என்பதற்குத் தமிழில் புதுமை என்ற பொருளும் உண்டு. தொல்காப்பியம் செய்யுளியலில் அச்சொல்லை அப்பொருள்படவே ஆள்கின்றது. ஆயினும் பொக்கே கருதியது விருந்தினர் கொணரும் கொடை. அதற்கு மிக அணுகிய பழந்தமிழ்ச் சொல், காணச் செல்வோர் கையிற் கொண்டுசெல்லும் பொருளைக் குறித்த ‘கையுறை’ என்பதாகும். அதுவோ இன்று கையில் அணியும் உறையையே நினைவூட்டும். அழகு கருதி அதனை எடுத்தாண்டால் மாணவர் மயங்குவர். பொருத்தமான ஆக்கம் அமையும்வரை, செனியா என்ற ஒலிபெயர்ப்பையே வரையறையோடு வழங்குதல் தகும். சொல்லின் செம்மை அதன் எழிலில் மட்டுமன்று, அது சுட்டும் பொருளின் தெளிவிலேயே தங்கியுள்ளது.