கட்டபொம்மன் படமும் பானர்மன் கடிதமும்

1959ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைக்கு வந்தது. இயக்கம் பி. ஆர். பந்துலு, வசனம் சக்தி கிருஷ்ணசாமி, கட்டபொம்மனாகச் சிவாஜி கணேசன். மறு ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிவாஜி சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இவை வாசகர் அறிந்தவையே. அப்படத்தைச் சரித்திரமாகக் கொள்ளலாமா, கொள்ளலாமெனின் எவ்வளவு தூரம் என்பதே இங்கு நாம் ஆராயப் புகுவது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிடுவோம். பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து கோல சிலாங்கூர் வரை, தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த தலைமுறைக்குத் ‘துரை’ என்பது ஏட்டுச் சொல் அன்று. மேட்டுப் பங்களாவில் வாழ்ந்த ஆள். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரையையும் கிராணியையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்குக என்பது. அதன்பின் பதினெட்டே ஆண்டுகளில், ஜாக்சன் துரையை ஒரு தமிழ்க்குரல் நேர்நின்று கேள்வி கேட்டது! பள்ளி ஆண்டு விழாக்களில் அட்டைக் கத்தியும் கரிமீசையுமாகச் சிறுவர்கள் அவ்வசனத்தை முழங்கியதை வெறும் நடிகர் மோகம் என்று தள்ளுவது பேதைமை.

ஆயினும் ஆவணங்கள் காட்டும் சந்திப்பு வேறு. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் நடந்தது, அடிப்படையில், கிஸ்தி நிலுவை பற்றிய வழக்கு. நிலுவை 3,310 வராகன் என்றிருந்தது; பெரும்பகுதி செலுத்தப்பெற்று அன்று எஞ்சியது 1,080. பாளையக்காரரை மூன்று மணி நேரம் நிற்கவைத்தே ஜாக்சன் விசாரித்தார். கைகலப்பு மூண்டது, லெப்டினென்ட் கிளார்க் மாண்டார். பின்னர்ச் சென்னை அரசு அமைத்த குழு விசாரித்து, கட்டபொம்மன் மீது குற்றமில்லை என்றது. ஜாக்சன் பதவி இழந்தார். வரி கேட்க நீ யார் என்று முழங்கும் திரைக் கட்டபொம்மனைவிட, வரியின் பெரும்பகுதியைக் கட்டிவிட்டும் நிற்கவைக்கப்பட்ட கட்டபொம்மன் பிரட்டுக்களத்தில் நின்று பழகியவர்க்கு நெருங்கியவர் அல்லரோ?

கோட்டையும் அப்படித்தான். போர்க் காட்சிகளை ஜெய்ப்பூரில் படம் பிடித்தார்கள். கண்ணுக்கு நிறைவாகவே இருக்கின்றன. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையோ மண்ணால் ஆனது. 1801ஆம் ஆண்டு முற்றுகையில் போரிட்ட வெல்ஷ் என்பார், அது முழுவதும் உறுதியான மண் என்றும், நீண்ட பக்கம் ஏறத்தாழ 500 அடி, குறுகிய பக்கம் 300 அடி என்றும் எழுதி வைத்திருக்கிறார். பீரங்கிக்கு எதிரே மண் சுவர்! இதைவிட வேறு பிரம்மாண்டம் எதற்கு?

ரோமாபுரிச் சரித்திரப் படங்களிலும் இத்தகைய மாற்றங்கள் உண்டு. 1960இல் வந்த ‘ஸ்பார்ட்டக்கஸ்’ படத்தில் அடிமைத் தலைவன் சிலுவையில் மடிகிறான். பழைய ஆசிரியர் அப்பியனோ, அவனுடைய உடல் கிடைக்கவே இல்லை என்கிறார். அங்கே ஆவணத்தில் ஓர் இடைவெளி. கற்பனை அதில் புகுந்துகொண்டது. நம் கதையின் முடிவிலோ அத்தகைய இடைவெளி இல்லை.

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மேஜர் பானர்மன், மறுநாளே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். விசாரணை முழுவதும் கைதி அஞ்சாமல் இறுமாப்புடன் நின்றார். எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் வெறுப்புடன் அடிக்கடி நோக்கினார். தூக்குமரத்தை நோக்கி உறுதியாக நடந்தார். பகைவன் தன் மேலதிகாரிக்கு எழுதியது இது. புகழ்ச்சி என்று எவரும் சொல்ல முடியாது. மேலும் ஒன்று. வழியில் அவர் கவலைப்பட்டது ஊமைத் தம்பி ஒருவனைப் பற்றி மட்டுமே. மரத்தடியை அடைந்ததும், கோட்டையை விட்டு வெளியேறியதற்காக வருந்தினாராம். திரையின் நீண்ட இறுதி வசனத்தைவிட இந்த இரண்டு செய்திகளே எனக்குப் பெரியனவாகத் தோன்றுகின்றன.

அந்தத் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். கும்பினியார் இடித்துத் தள்ளிய கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினார். மே மாத இறுதிவரை அது விழவில்லை. படம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.