மலை சரியுமென்று முன்பே சொன்னார்கள்

19ஆம் நூற்றாண்டில் கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவிய காலத்தில், நுவரெலியா, ஹற்றன் மலைச்சரிவுகளில் வரிசை வரிசையாக லயன்கள் எழுந்தன. பழைய லயன்களில் இன்றும் மக்கள் வசிக்கின்றனர். சாய்வு, மண், மழையளவு, முன்னைய மண்சரிவுகள் ஆகிய தரவுகளைக் கணினிக்குப் புகட்டி, அடுத்து ஆபத்து எங்கே என்று கணிக்கும் இயந்திரக் கற்றலைப் பொறியியலாளர்கள் இப்போது கையாள்கின்றனர். வரவேற்கிறேன். ஆனால் கணிப்பு மட்டும் போதுமா?

தென்கிழக்கே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையிலுள்ள மீரியபெத்தைத் தோட்டம் ஆபத்தானதென்று, இயந்திரக் கற்றல் ஏதுமின்றியே, 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி லயன்களை மூடியது. எழும்பிப் போ என்றால் எங்கே போவது? லயக் காம்பராவும் தோட்டத்துடையது, சுற்றியுள்ள நிலமும் தோட்டத்துடையது. காணியுரிமை இல்லாதவனுக்கு எச்சரிக்கை வெறும் செய்திதான் என்பது என் துணிபு. தப்பியோருக்கு மகல்தெனியவில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டது 2016இல்.