தட்டச்சு மேசையிலிருந்து மடிக்கணினி வரை: மும்பைத் தமிழர் உழைப்பின் ஒரு மறைந்த இழை

பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல். நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நிறுவனத்தின் தலைமையிடம் பம்பாய். எந்த நிறுவனத்திலும் ஊதியப் பட்டியலில் இடம்பெறாமல், வீட்டிலிருந்தே வலைத்தளங்களை வடிவமைத்துத் தரும் ஃப்ரீலான்ஸ் தொழிலின் வரலாறு பெரும்பாலும் அந்த நாளுக்குப் பின்னிருந்தே எழுதப்படுகிறது. தொழில்நுட்ப வரலாறு என்ற அளவில் அது சரி. உழைப்பின் வரலாறாகப் பார்த்தால், தொடக்கம் வேறிடத்தில் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாட்டுங்காவுக்கு வந்த தமிழர் பலரின் மூலதனம் ஒரு சான்றிதழ். சென்னை மாகாணத்துச் சிற்றூர்களின் தட்டச்சுப் பயிலகங்களில் ஆங்கிலத் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, லோயர், ஹையர் தேர்வுகளில் தேறியவர்கள் பம்பாயின் வணிக நிறுவனங்களிலும் இரயில்வே அலுவலகங்களிலும் எழுத்தர்களாயினர். 1896ஆம் ஆண்டுப் பிளேக் நோயை அடுத்து, 1898இல் உருவான நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைத்த குடியிருப்புகள் அவர்களுக்கு இருப்பிடமாயின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே தோன்றியது. பல சாதிகளிலும் மொழிகளிலும் இருந்து வந்தவர்கள் ‘தென்னிந்தியர்’ என்ற ஒற்றை அடையாளத்தை மாட்டுங்காவின் அடுக்ககங்களில்தான் பெற்றனர் என்பதை நிகில் ராவின் ஆய்வு விளக்குகிறது. பின்னர் இக்குடும்பங்களில் பல செம்பூருக்கு நகர்ந்தன. எனினும் மாதச் சம்பளம், சேமநிதி, ஓய்வூதியம் என்ற வாழ்க்கை வடிவம் மாறவில்லை.

அந்த வடிவத்தின் பலமே அதன் பலவீனமாகவும் ஆனது. 1960களில் ‘மார்மிக்’ வார இதழ் நிறுவன அலுவலர்களின் பெயர்ப் பட்டியல்களை வெளியிட்டு, மராத்தியர் அல்லாதோர் எத்தனை பேர் என்று சுட்டிக்காட்டியது. 1966 ஜூன் 19இல் சிவசேனை தோன்றியபோது தென்னிந்திய எழுத்தரே அதன் முதல் இலக்கு. நிறுவனப் பட்டியலில் பெயர் இருப்பது பாதுகாப்பு. அதே பெயர் வேறொரு பட்டியலில் ஏறும்போது அது ஆபத்து.

இதே திறமையை வேலையளிப்பவர் எவருமின்றி விற்றவர்களும் இருந்தனர். கோட்டைப் பகுதி நீதிமன்றங்களுக்கு வெளியே நடைபாதையில் மேசையிட்டு மனுக்களையும் உறுதிமொழிப் பத்திரங்களையும் பக்கக் கணக்கில் அடித்துக் கொடுத்த தட்டச்சர்களே அவர்கள். பொறி அவர்களுடையது, வாடிக்கையாளரைத் தேடும் பொறுப்பும் அவர்களுடையது. பிழை நேர்ந்தால் மீண்டும் அடிக்கும் செலவும் அவர்கள் தலையிலேயே விழுந்தது. நகர வரலாறுகளில் இவர்களுக்கு ஓர் அத்தியாயம்கூட இல்லை.

மாட்டுங்காவை ஒட்டியே இருக்கும் தாராவியின் கதை வேறு. திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தோல் பதனிடும் தொழிலில் நிலைத்தனர். அத்தொழில் நகரை விட்டு வெளியேறிய பின்னும் தோல்பொருள் தைத்தல், ஆடை தைத்தல், இட்லி தயாரித்தல் எனப் பல தொழில்கள் அங்கே நிலைத்தன. வீடே பட்டறை, கூலி உருப்படிக் கணக்கில், கொஞ்சம் முன்பணம், மீதி சரக்கு ஏற்கப்பட்ட பின். தாராவியின் உழைப்பாளர் நூறாண்டுகளாக அறிந்த ஒப்பந்தம் இதுதான்.

இன்றைய வலைத்தள வடிவமைப்பாளரின் ஒப்பந்தத்தை இவற்றின் அருகே வைத்துப் பார்க்கலாம். சான்றிதழ், ஆங்கிலம், மேசை ஆகியவை மாட்டுங்காவின் மரபு. முன்பணம், முடித்த பகுதிக்கேற்ற கூலி, ஊதியமில்லாத் திருத்தங்கள், தள்ளிப்போகும் இறுதித் தொகை ஆகியவை தாராவியின் மரபு. தையற்காரர் தைத்த பையைத் தம்மிடம் நிறுத்திவைப்பது போல, வடிவமைப்பாளர் வழங்கியின் கடவுச்சொல்லை நிறுத்திவைக்கிறார். இரண்டும் ஒரே பேரம். சட்டம் அவருக்குச் சற்றுச் சாதகமாகவும் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, ஊழியர் பணியின் பகுதியாக எழுதும் நிரலுக்கு நிறுவனமே முதல் உரிமையாளர். தன்பொறுப்பில் எழுதுபவரின் நிரலோ, எழுத்து மூலம் மாற்றித் தராதவரை பொதுவாக அவருக்கே உரியது. அந்த உரிமையை நிலைநாட்ட வழக்காடும் பொருள்வலிமை அவருக்கு உண்டா என்பது வேறு கேள்வி.

தமிழ் வலைத்தளங்களுக்கு மும்பையோடு மற்றோர் உறவும் உண்டு. ‘.இன்’ என முடியும் முகவரிகளின் பதிவேட்டைத் தொடக்கக் காலத்தில் பராமரித்தது, 1985இல் நிறுவப்பட்டு ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம். விண்டோஸ் 2000 வழியாகப் பரவிய ‘லதா’ தமிழ் எழுத்துரு, மும்பையின் எழுத்துக்கலைஞர் ஆர்.கே. ஜோஷியின் வழிகாட்டுதலில் உருவானது. தென்னிந்திய எழுத்தரை வெளியேறச் சொன்ன முழக்கம் எழுந்த நகரில்தான், தமிழுக்குத் திரையில் ஒரு வடிவத்தை ஒரு மராத்தியக் கலைஞர் அளித்தார். மும்பையின் மொழி உறவுகளை மோதலாக மட்டும் வாசிப்போர் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ‘மரபான’ முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்து ஈட்டுபவரை ‘கிக்’ தொழிலாளர் என வரையறுக்கிறது. 2020-21இல் இத்தகையோர் 77 லட்சம் பேர் என நிதி ஆயோக் மதிப்பிட்டது. ‘மரபான’ என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. எவருடைய மரபு? மாதச் சம்பளம் மாட்டுங்காவின் மரபு. அதுவும் ஓரிரு தலைமுறை அளவே நீடித்தது. தாராவியில் அந்த உறவுக்கு வெளியே இருப்பதுதான் மரபு. விதிவிலக்கைப் பொதுவிதியாகக் கொண்டு எழுதப்பட்ட வரையறை, பெரும்பான்மையோரின் நெடுங்கால அனுபவத்தைப் புதிய நிகழ்வாகக் காட்டிவிடுகிறது.

இப்போது தாராவி மறுசீரமைக்கப்படுகிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு என்பது திட்டம். தோல் பட்டறைக்கு இயந்திரமும் பெயர்ப்பலகையும் சாட்சி சொல்லும். மாடியறையில் மடிக்கணினியோடு உழைப்பவருக்கு அத்தகைய சாட்சி ஏது? மாட்டுங்கா எழுத்தர் சேமநிதிக் கணக்கை விட்டுச் சென்றார். வலைத்தளமோ ஆண்டுச் சந்தா புதுப்பிக்கப்படாத நாளில் மறைந்துவிடுகிறது. அதை உருவாக்கியவரின் பெயர் பெரும்பாலும் அதற்கு முன்பே மறைந்திருக்கும். நடைபாதைத் தட்டச்சருக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேராதிருக்க வேண்டுமெனில், விலைப்பட்டியல்களும் மின்னஞ்சல் பேரங்களும் வாய்மொழி வரலாறுகளும் இன்றே திரட்டப்பட வேண்டிய ஆவணங்கள்.