கடலுக்கடியிலும் உழவர்கள் உண்டு

 

ஆசிரியர் பயிற்சி முடித்து நான் வேலைக்குச் சேர்ந்தது, பாக் விரிகுடாக் கரையில் இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில். 1988 வாக்கில் ஒருநாள் ஐந்தாம் வகுப்புக்கு மீன்பிடித் தொழில் பற்றிப் பாடம். கரும்பலகையில் ஒரு விசைப்படகையும் அதன் பின்னால் இழுவை மடியையும் வரைந்து, "வயலை ஏர் உழுவது போல இந்த மடி கடலடியை உழுது மீன் பிடிக்கிறது" என்றேன். விஞ்ஞான முன்னேற்றத்தைச் சொல்லிக் கொடுத்த பெருமை எனக்கு.

மறுநாள் காலை ஒரு மாணவனின் அப்பா, நாட்டுப்படகு மீனவர், பள்ளி வாசலில் என்னை நிறுத்திக் கேட்டார்: "உழுதா விதைக்கணும்ல சார்? கடல்ல யாரு விதைக்கிறா?"

சிரித்துச் சமாளித்துவிட்டு உள்ளே போய்விட்டேன். ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தபோதுதான், அந்தக் கேள்விக்கு 600 வயதுக்கு மேல் ஆகிறது என்று தெரிந்தது.

1376-ல் இங்கிலாந்தின் மீனவ மக்கள் தங்கள் நாடாளுமன்றத்தில் ஒரு முறையீடு செய்தார்கள். அப்போது மன்னர் மூன்றாம் எட்வர்டு. புதிதாக வந்த ஒரு வலை கடலடியை அழுத்தி இழுத்துப் போகிறது, அடியில் உள்ள செடிகளும் சிப்பிகளும் அழிகின்றன, சிறு மீன்கள் அளவில்லாமல் சிக்கி, விற்க முடியாமல் பன்றிக்குத் தீனியாகின்றன என்பது அவர்கள் புகார். இஞ்சின் இல்லாத, பாய்மரக் காலம் அது! இன்று நம் கரையில் மடியில் விழும் சங்காயம் கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போவதை நினைத்துக்கொண்டேன்.

நம் பக்கம் இந்த மடி வந்த கதை 1952-ல் தொடங்குகிறது. இந்தியாவும் நார்வேயும் ஐ.நா.வும் செய்த ஒப்பந்தப்படி, கேரளத்தின் நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் திட்டம் ஆரம்பமானது. மீனவர் வாழ்வை உயர்த்துவதே நோக்கம். ஆனால் வெளிநாட்டில் இறாலுக்குக் கிடைத்த விலை எல்லாவற்றையும் மாற்றியது. 1960-களில் தமிழகக் கரையிலும் அரசின் மானியத்தோடும் கடனோடும் இழுவைப் படகுகள் பெருகின.

சரி, அந்த மடி அடியில் என்ன செய்கிறது? வாயை விரிக்க இருபுறமும் கனத்த பலகைகள். அடிக்கயிற்றில் சங்கிலி. இவை தரையோடு உரசிக்கொண்டே போகும். அந்தத் தரை வெறும் சேறு அல்ல. புழுக்கள், நண்டுகள், கடல் அட்டைகள் எல்லாம் ஓயாமல் வளை தோண்டிச் சேற்றைப் புரட்டுகின்றன. அதனால் உள்ளே காற்று போகிறது. மக்கிய கழிவு உரமாகி மேலே நீரில் கலக்கிறது. அதை உண்டு நுண்பாசி வளர்கிறது. பாசியில் தொடங்கிப் படிப்படியாக மீன் வரை உணவு போய்ச் சேர்கிறது. சிப்பிகளோ நீரை வடிகட்டித் தெளிய வைக்கின்றன. அதாவது, கடலுக்கடியில் ஏற்கெனவே உழவர்கள் இருக்கிறார்கள். நாம் உழுவதாக நினைத்து அந்த உழவர்களைத்தான் வாரிக்கொண்டு வருகிறோம்.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஒரு கட்டுரையின்படி, பலகை கட்டிய இழுவை மடி சராசரியாக 2.4 செ.மீ. ஆழம் தரைக்குள் இறங்குகிறது. ஒருமுறை இழுத்தால் அங்குள்ள உயிர்களில் சுமார் 6 சதவீதம் போய்விடும். ஆறுதானே என்று தோன்றும். ஆனால் அதே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால்? பாதியாகக் குறைந்த உயிர்கள் பழைய நிலையை நெருங்கவே, தொந்தரவு இல்லாவிட்டாலும், ஏறக்குறைய 2 முதல் 6 ஆண்டுகள் ஆகுமாம். நமது தடைக்காலமோ ஆண்டுக்கு 61 நாள்.

முதலில் மறைவது நீண்ட நாள் வாழும் பெரிய உயிர்கள். அந்த இடத்தைச் சீக்கிரம் பெருகும் குட்டிப் புழுக்கள் பிடித்துக்கொள்ளும். பள்ளியில் பிள்ளைகள் நிறைய இருந்து, ஆசிரியர் மட்டும் இல்லாமல் போனால் எப்படி? தலை எண்ணினால் கூட்டம் இருக்கும். பாடம் நடக்காது.

பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 13 மீட்டர்கூட ஆழமில்லை. கடல் தாழை வளர்ந்து, ஆவுளியா மேயும் இடம். 1983-ல் தமிழக அரசு சட்டம் போட்டுக் கரையோரம் 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கியது. அதே ஆண்டு இலங்கையில் போர் மூள, வடக்கின் மீனவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போக முடியாமல் முடங்கினார்கள். நம் படகுகள் அந்தப் பக்கமும் இழுத்தன. 2009-ல் போர் முடிந்து அவர்கள் கடலுக்குத் திரும்பியபோது, அவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போனவை நம் மடிகள். 2017-ல் இலங்கை இந்த முறையையே சட்டத்தால் தடை செய்தது. இரு கரையிலும் தமிழர்தான்.

என் வகுப்பில் உட்கார்ந்த பையன்கள் சிலர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார்கள். அக்கரைச் சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. அவர்களைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு வாய் வராது. மடியைக் கையில் கொடுத்தது அரசு. அதை உழவு என்று பாடம் சொன்னது நான். மாற்றுத் தொழிலுக்கு வழி செய்யாமல் அவர்களை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை.

கேள்வி கேட்ட அந்த அப்பா இன்று உயிரோடு இல்லை. இருந்திருந்தால், அன்று நான் சொன்ன பாடம் தப்பு என்று அவரிடமே ஒப்புக்கொண்டிருப்பேன்.

கடற்கரை நண்பர்களே, உங்கள் அப்பா காலத்தில் கிடைத்து இப்போது கண்ணிலேயே படாத மீன் எது? ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். படித்துத் தெரிந்துகொள்கிறேன்.