சொத்து உரிமைமூல ஆய்வு (தமிழ்நாடு)

சொத்து உரிமைமூல ஆய்வு என்பது, வீடு அல்லது மனை ஒன்றை விற்பவருக்கு அல்லது அடமானம் வைப்பவருக்கு அதற்குரிய முழு உரிமை உள்ளதா என்பதை வழக்கறிஞர் ஒருவர் ஆவணங்களைக் கொண்டு ஆராய்ந்து கருத்துரை வழங்கும் நடைமுறை ஆகும். தமிழ்நாட்டில் இது பேச்சு வழக்கில் "லீகல் பார்ப்பது" எனப்படுகிறது. வழக்கறிஞர் எழுத்து மூலம் தரும் கருத்துரை "லீகல் ஒப்பீனியன்" என அழைக்கப்படுகிறது. வீடு வாங்கும்போது மட்டுமன்றி, விற்கும்போதும், வீட்டை ஈடாக வைத்துக் கடன் பெறும்போதும், இருக்கும் கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போதும் இவ்வாய்வு தேவைப்படுகிறது.

தேவை

இந்தியாவில் பதிவு செய்யப்படுவது ஆவணமே தவிர உரிமை அன்று. சொத்து மாற்றுச் சட்டம், 1882, பதிவுச் சட்டம், 1908 ஆகியவற்றின்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வீடு, மனை போன்ற அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவு செய்யப்பட்ட பத்திரம் தேவை. ஆனால் விற்பவருக்கு இல்லாத உரிமை, பதிவு செய்வதனால் வாங்குபவருக்கு வந்துவிடாது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், பத்திரம் எழுதிக் கொடுப்பவருக்கு உரிமை உள்ளதா என ஆராய்வது பதிவு அலுவலரின் பணி அன்று எனக் கூறியது.

இங்கிலாந்து, வேல்சு பகுதிகளில் நிலப் பதிவகம் உரிமையையே பதிவு செய்கிறது. பதிவேட்டுப் பிழையால் இழப்பு ஏற்பட்டால் இழப்பீடும் வழங்குகிறது. இந்தியாவில் அத்தகைய அரசு உத்தரவாதம் இல்லாததால், உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவரையே சேர்கிறது. வருவாய்த் துறை வழங்கும் பட்டாவும் தனியே உரிமையை நிறுவும் ஆவணம் ஆகாது.

ஆராயப்படும் ஆவணங்கள்

- தாய்ப் பத்திரம்: தற்போதைய உரிமையாளருக்கு முந்தைய கிரையம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், உயில் முதலிய ஆவணங்கள். இவை சங்கிலி போல் இடையறாது தொடர வேண்டும்.
- வில்லங்கச் சான்றிதழ்: குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்.
- பட்டா, புல வரைபடம்: பத்திரத்தில் உள்ள புல எண், பரப்பளவு, நான்கு எல்லைகள் ஆகியவற்றுடன் ஒப்பிட உதவுபவை.
- இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ்: முந்தைய உரிமையாளர் இறந்திருந்தால் தேவைப்படுபவை.
- மனைப்பிரிவு அனுமதி, கட்டட அனுமதி: நகர் ஊரமைப்பு இயக்ககம், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், உள்ளாட்சி அமைப்பு ஆகியவற்றால் வழங்கப்படுபவை.
- அதிகார ஆவணம் ("பவர்"): உரிமையாளருக்காக வேறொருவர் விற்றால் தேவைப்படுவது. எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால், பொதுவாகப் பவர் செல்லாது. பவர் மூலம் மட்டுமே உரிமை மாறாது என உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது.

வழக்கமாக 30 ஆண்டு ஆவணங்கள் ஆராயப்படுகின்றன. காலவரையறைச் சட்டம், 1963இன்படி அடமானச் சொத்தை மீட்க வழக்குத் தொடர 30 ஆண்டு அவகாசம் இருப்பது இதற்குரிய காரணங்களுள் ஒன்று. சங்கிலியில் ஐயம் எழுந்தால் அதற்கும் முன்னே செல்ல நேரிடும்.

வில்லங்கச் சான்றிதழில் தெரியாதவை

வில்லங்கம் இல்லை என்ற சான்றிதழைப் பலரும் உரிமைக்கான சான்றாகக் கருதுகின்றனர். அச்சான்றிதழ் பதிவான ஆவணங்களை மட்டுமே காட்டும். பதிவு செய்யப்படாத உயில், வாரிசுகளின் பங்கு, வரி நிலுவை போன்றவை அதில் இடம்பெறா. நிலுவையில் உள்ள வழக்கும் தெரியாமல் போகலாம். வழக்கு நடக்கும்போது சொத்தை வாங்கியவரையும் அதன் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.

உரிமை ஆவணங்களை ஒப்படைத்துக் கடன் பெறும் அடமானம் மற்றொன்று. சென்னை முதலிய அறிவிக்கப்பட்ட நகரங்களில், அசல் பத்திரத்தைக் கடன் கொடுத்தவரிடம் ஈடாக ஒப்படைத்தாலே இவ்வடமானம் உண்டாகிவிடும். ஆகவே நகல்களை மட்டும் பார்த்துக் கருத்துரை வழங்குவது போதாது. அசல் பத்திரங்கள் யாரிடம் உள்ளன என அறிவது இன்றியமையாதது. அசல் தொலைந்துவிட்டது என விற்பவர் கூறினால் கூடுதல் விசாரணை தேவை.

வாரிசுரிமைச் சிக்கல்கள்

குடும்பச் சொத்துகளில் விடுபட்ட ஒரு வாரிசின் கையொப்பம் பிற்காலத்தில் பாகப்பிரிவினை வழக்காக மாறக்கூடும். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச் சொத்தில் மனைவி, தாய், மகன், மகள் ஆகியோர் சம பங்குடைய முதல்வகை வாரிசுகள் ஆவர். மகள்களை விடுத்து மகன்கள் மட்டும் விற்றால், மகள்களின் பங்கு வாங்குபவருக்குச் சேராது.

பூர்வீகச் சொத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் திருத்தச் சட்டம் 1989 மார்ச் 25 முதல், அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்கு மகனுக்கு நிகரான உரிமை அளித்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் திருமண வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. எனினும் 2004 டிசம்பர் 20க்கு முன் நிகழ்ந்த விற்பனைகளையும், பதிவு செய்யப்பட்ட பாகப்பிரிவினைகளையும் அத்திருத்தம் பாதிக்காது.

இந்து இளவருக்குரிய தனிச் சொத்தை நீதிமன்ற அனுமதி இன்றிப் பெற்றோர் விற்றிருந்தால், இளவர் வயதடைந்தபின் மூன்று ஆண்டுகளுக்குள் அவ்விற்பனையை எதிர்க்க இயலும்.

வங்கிக் கடனும் கடன் மாற்றமும்

வீட்டுக்கடன் வழங்கும் வங்கி தன் பட்டியலில் உள்ள வழக்கறிஞரிடம் கருத்துரை பெறுகிறது. இதன் கட்டணத்தைப் பெரும்பாலும் கடன் பெறுபவரே செலுத்தினாலும், அக்கருத்துரை வங்கியின் நலனுக்காக எழுதப்படுவது. "வங்கி கடன் தருகிறது, ஆகவே சொத்தில் சிக்கல் இல்லை" என்ற முடிவு பாதுகாப்பானது அன்று. உரிமை வேறொருவருடையது எனத் தீர்ப்பானாலும் கடன் பெற்றவரின் கடன் தீர்ந்துவிடாது.

கடனை வேறு வங்கிக்கு மாற்றும்போது, புதிய வங்கி பழைய கடனை அடைக்கிறது. பழைய அடமானம் பதிவாகியிருந்தால் அதற்கு இரத்து ரசீதும் பதிவு செய்யப்பட வேண்டும். இல்லையெனில் தீர்ந்த கடன் வில்லங்கச் சான்றிதழில் தொடர்ந்து தோன்றும். இந்திய ரிசர்வ் வங்கியின் 2023ஆம் ஆண்டு ஆணைப்படி, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்கள் திருப்பித் தரப்பட வேண்டும். கடன் வழங்கிய நிறுவனத்தால் ஏற்படும் தாமதத்திற்கு நாளொன்றுக்கு ரூ. 5,000 இழப்பீடு உண்டு.

விற்பவருக்கான பயன்

உரிமையில் உள்ள, வாங்குபவர் இயல்பான கவனத்துடன் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் தெரிவிக்க வேண்டும் எனச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகிறது. முன்னரே ஆய்வு செய்தால், பெயர் வேறுபாடு, பரப்பளவுப் பிழை போன்றவற்றை, முன்பணம் பெறும் முன்பே பிழைதிருத்தல் பத்திரம் மூலம் சரிசெய்யலாம்.

வழக்கறிஞரைத் தேர்ந்தெடுத்தல்

இந்திய வழக்கறிஞர் கழக விதிகள் வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. ஆகவே அறிந்தவர்களிடம் கேட்டே தேர்ந்தெடுப்பது வழக்கம். பின்வருவன கவனிக்கத்தக்கவை:

- விற்பவர், தரகர், கட்டுநர் ஆகியோரின் வழக்கறிஞர் அல்லாத ஒருவரை அமர்த்துதல்.
- முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே ஆய்வை முடித்தல்.
- பார்த்த ஆவணங்களின் பட்டியலையும், எவை அசல், எவை நகல் என்பதையும் கருத்துரையில் எழுதிப் பெறுதல்.
- கட்டணத்தையும் பணியின் எல்லையையும் முன்னரே பேசி முடிவு செய்தல்.

பத்திர எழுத்தர் பத்திரத்தை எழுதித் தருபவர். உரிமைமூல ஆய்வு அவரது பணியில் அடங்காது.

வரம்புகள்

கருத்துரை என்பது உத்தரவாதம் அன்று. போலி ஆவணம், ஆள்மாறாட்டம் ஆகியவற்றை ஆவணங்களைப் படிப்பதால் மட்டும் எப்போதும் கண்டறிய இயலாது. சொத்தை நேரில் பார்த்து, குடியிருப்பவர் யார் என விசாரிப்பதும், நில அளவரைக் கொண்டு அளப்பதும் தேவை. வழக்கறிஞரின் சேவைக் குறைபாடு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வராது என உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்தது. எனவே பிழையான கருத்துரையால் இழப்பு அடைந்தவர் நுகர்வோர் ஆணையத்தை அணுக இயலாது. உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- வில்லங்கச் சான்றிதழ்
- பட்டா
- பாகப்பிரிவினை
- சார்பதிவாளர் அலுவலகம்