வெண்குட்டம் என்னும் பிழைப்பெயர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குச் சம்பந்தம் பேச அயல் தோட்டத்திலிருந்து பத்துப்பேர் வந்திருந்தனர். தேநீர்த் தட்டை நீட்டிய கையின் விரல்நுனிகள் வெளுத்திருந்ததை மாப்பிள்ளையின் தாயார் கண்டார். தேநீர் ஆறிற்று, வந்தவர்கள் எழுந்து போயினர். மறுநாள் லயத்தில் எழுந்த பேச்சு ஒரே சொல்லாயிருந்தது: “குட்டம்.” அச்சொல் எங்கிருந்து புறப்பட்டு அப்பெண்ணின் விரலில் வந்து ஒட்டிக்கொண்டது என்பதை ஆராயவே இக்கட்டுரை எழுதப்புகுந்தோம்.

முதலில் உண்மையைக் கூறிவிடுவோம். ஆங்கில வைத்தியர் ‘விட்டிலைகோ’ என்றும், நாம் வெண்குட்டம் என்றும் வழங்குகின்ற நோய் குட்டமன்று, தொற்றுவதுமன்று. குட்டநோய் ஒரு கிருமியால் வருவது. அக்கிருமியை 1873-ஆம் ஆண்டில் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். அந்நோயுங்கூட இன்று மருந்தினால் முற்றிலும் தீரக்கூடியதே. வெண்புள்ளிக்கோ கிருமியே காரணமன்று. நமது தோலுக்கு நிறமூட்டும் அணுக்கள் உள. புறத்தேயிருந்து புகும் கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் காவற்படையில் ஒரு பகுதி, வழிதவறி, அந்நிறவணுக்களையே பகையென்று கொண்டு அழித்துவிடுகிறது. அழிந்த இடம் வெளுக்கிறது. அவ்வளவே. தொட்டால் ஒட்டாது, ஒரே கோப்பையில் பருகினாலும் ஒட்டாது. உலகில் நூற்றுக்கு ஒருவருக்கோ அதனினும் சற்றுக் குறைந்த தொகையினருக்கோ இஃது உண்டு. அவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இருபது வயதுக்குள்ளாகவே தொடங்கிவிடுகிறது; அதாவது நம்மவர் மணம் பேசத் தொடங்கும் பருவத்திற்கு முன்னரே!

வெண்மையைக் கண்டு அஞ்சியவர் நாம் மட்டுமல்லர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலிருந்த கிரேக்க சரித்திராசிரியர் ஹெரோடொட்டஸ் பாரசீகரின் வழக்கமொன்றை எழுதிவைத்துள்ளார். உடலில் வெண்மை படர்ந்தவன் நகருக்குள் வரலாகாதாம், பிறரோடு கலக்கலாகாதாம், அவன் சூரியனுக்கு விரோதமாகப் பாவஞ் செய்தவனாம். அயல்நாட்டவனாயின் தேசத்தைவிட்டே துரத்துவராம். வெள்ளைப் புறாக்களையுங்கூட ஓட்டினர் என்கிறார். புறாக்கள் சூரியனுக்கு என்ன தீங்கு இழைத்தனவோ, யாமறியோம்!

யூதரின் வேதமாகிய லேவியராகமம் இவ்விஷயத்தில் நாம் எண்ணுவதைவிட நிதானமானது. தோலில் மங்கிய வெண்புள்ளிகள் மட்டும் உடையவன் சுத்தமானவன் என்றே அது தீர்ப்புரைக்கிறது. உடல் முழுதும் வெளுத்துப்போனவனையும் சுத்தமானவன் என்கிறது. குழப்பம் பிற்பாடு வந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் அலெக்சாந்திரியாவில் அந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், தீட்டென விலக்கப்பட்ட பலவகைத் தோற்கேடுகளைக் குறித்த எபிரேயச் சொல்லுக்கு ‘லெப்ரா’ என்று எழுதினர். லெப்ரா என்றால் அக்காலத்துக் கிரேக்கத்தில் செதிள் உதிரும் தோல்நோய். காலப்போக்கில் அப்பெயர் குட்டநோய்க்கே உரியதாகிவிட, வேதத்தின் பழைய தீட்டெல்லாம் குட்டநோயாளியின் தலைமேல் ஏறிற்று. வெளுத்த தோலுடையவனும் அக்கூட்டத்தில் சேர்க்கப்பட்டான்.

பரதகண்டத்தின் கதை இதனினும் கசப்பானது. அதர்வ வேதத்திலேயே வெளுத்த தோலுக்கு மீண்டும் நிறம் வேண்டிக் கருநிற மூலிகையை அழைக்கும் மந்திரங்கள் உள. அங்கே பழியில்லை, நோயும் மருந்துமே பேசப்படுகின்றன. ஆயின் சரக சம்ஹிதைக்கு வந்தால் காரணப்பட்டியல் நீள்கிறது: பொய் பேசுதல், செய்ந்நன்றி கோறல், தேவரை நிந்தித்தல், குருவை அவமதித்தல், முற்பிறப்பின் தீவினை, இவற்றோடு ஒன்றுக்கொன்று ஒவ்வாத உணவு. பாலும் மீனும் சேர்த்துண்டால் தோல் வெளுக்கும் என்று நம் பாட்டிமார் இன்றும் கூறுவது இவ்வெண்ணத்தின் எச்சமே. பொய் பேசினால் தோல் வெளுக்குமென்பது மெய்யாயின், தோட்டந்தோறும் எத்தனை கங்காணிமாரும் கிராணிமாரும் (எம்மையும் சேர்த்தே சொல்லுகிறோம்) வெளுத்திருக்க வேண்டும்! மநுதர்ம சாஸ்திரமோ இன்னும் ஒருபடி மேற்சென்று, வெண்மை நோயுள்ள குடும்பத்தில் பெண்ணெடுக்கலாகாது என்று மூன்றாம் அத்தியாயத்தில் விதித்துவிட்டது. ஆறிய தேநீரை விட்டு எழுந்துபோனவர்கள் மநுவைப் படித்தவர்களல்லர். படிக்காமலே அவர் சொற்படி நடந்தனர்.

மலாயாவில் இவ்வச்சத்திற்குச் சட்டமும் துணைநின்றது. நீரிணைக் குடியேற்றங்களில் 1897-இல் குட்டநோயாளர் சட்டம் வந்தது; நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்துவைக்க அஃது இடந்தந்தது. 1930-இல் சுங்கை பூலோவில் பெரிய குடியிருப்புத் திறக்கப்பட்டது. குட்டமென்று தீர்ந்தால் பிள்ளைகுட்டிகளைப் பிரிய நேர்ந்த அந்நாளில், பால்நிறப் புள்ளிக்கும் குட்டத்திற்கும் ஒரே பெயர் வழங்கிய நம் மக்கள் புள்ளியை மறைக்கவே நினைத்திருப்பர் என்பதில் வியப்பில்லை.

இரப்பர் மரத்தை நம்பி வாழ்ந்த நமக்குச் சம்பந்தமுள்ள செய்தியொன்றும் உண்டு. 1939-இல் அமெரிக்காவில் தோல்பதனிடும் ஆலையொன்றில் இரப்பர்க் கையுறை அணிந்து வேலைசெய்த தொழிலாளர் பலருக்குக் கையும் முன்கையும் வெளுத்ததாக வைத்தியர்கள் வெளியிட்டனர். குற்றவாளி மரத்துப் பாலன்று. இரப்பர் விரைவிற் கெடாதிருக்கக் கையுறையில் கலந்த ‘மானோபென்சோன்’ என்னும் இரசாயனமே. அது நிறவணுக்களைக் கொல்லவல்லது. சிலருக்குக் கையுறை படாத இடமும் வெளுத்தது. முற்பிறப்பு வினையென்று சொல்லப்பட்ட ஒன்றை ஒரு கையுறை செய்துகாட்டிவிட்டது! பிற்காலத்தில் அதே இரசாயனத்தை, உடலெங்கும் வெளுத்து எஞ்சிய கருந்திட்டுகளை மட்டும் கொண்டவர்களுக்கு, நிறத்தை ஒன்றாக்கும் மருந்தாக வைத்தியர் பயன்படுத்தியதும் சரித்திரம்.

சிகிச்சையின் வரலாறும் பழையது. நம் நாட்டு வைத்தியர் கார்போகரிசியையும், எகிப்தியர் நைல்நதிக் கரையில் விளையும் ஒரு பூண்டின் விதையையும் கொடுத்து, புள்ளியில் வெயில் படவைத்தனர். 1940-களில் எகிப்திய அறிஞர்கள் அவ்விதையினின்று மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தனர். எல் மோஃப்டி என்னும் வைத்தியர் அதனை நோயாளரிடம் சோதித்தார். இன்றைய ஒளிச்சிகிச்சை இவ்வழியில் வளர்ந்ததே. ஆனால் கடையில் வாங்கிய கார்போகரிசியைத் தாமே பூசி வெயிலில் நின்றால் தோல் கொப்புளிக்கும். வைத்தியர் மேற்பார்வை வேண்டும். 2022-இல் தவறிய காவற்படையின் செயலைத் தணிக்கும் பூச்சுமருந்தொன்றை அமெரிக்க அரசு அங்கீகரித்தது. அஃது எல்லார்க்கும் பயன்படுவதுமன்று, விலையும் எளிதன்று.

இந்நோய் குடும்பத்தில் தொடர்வதில்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கலாம். சிறிதளவு தொடர்வதுண்டு என்பதை மறைக்கவேண்டுவதில்லை. எனினும் நோயுள்ளோர் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வருவதில்லை. நீரிழிவு குடும்பத்தில் உண்டென்று தெரிந்தும் நாம் சம்பந்தம் பேசுகிறோமல்லவா?

பாடகர் மைக்கேல் ஜாக்சன் தமக்கு இந்நோய் உண்டென்று 1993-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் கூறியபோது உலகம் முழுமையாக நம்பவில்லை. வேண்டுமென்றே வெளுத்துக்கொண்டார் என்றே பேசிற்று. 2009-இல் அவர் இறந்தபின் நடந்த பிரேதப் பரிசோதனை அதை மெய்ப்பித்தது. அவர் மறைந்த ஜூன் 25-ஆம் நாள் 2011 முதல் உலக வெண்புள்ளி நாளாக அனுசரிக்கப்படுகிறது. குட்டமென்ற சொல்லை அறவே நீக்கி ‘வெண்புள்ளி’ என்றே வழங்குவோம் என்று தமிழ்நாட்டில் இதற்கென உழைப்போர் வேண்டுவதை நம் பத்திரிகைகளும் ஏற்கலாம்.

அப்பெண்ணைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அவள் தகப்பனாருடன் யாமும் அழைத்துச் சென்றோம். தோல் வைத்தியர் அவளைக் கண்ணை மூடச்சொல்லி, வெளுத்த விரலையும் வெளுக்காத விரலையும் மாறிமாறிப் பஞ்சுநுனியால் தொட்டார். குட்டநோய்த் தழும்பில் உணர்ச்சி மங்கும். இவள் ஒவ்வொரு முறையும் “தெரிகிறது” என்றாள். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கும் இத்தகைய கேடு சிலருக்குச் சேர்ந்துவருவதால் இரத்தப் பரிசோதனைக்குச் சீட்டெழுதித் தந்தார். விரல்நுனியில் நிறம் திரும்புவது அரிது என்பதையும் ஒளிக்காமற் சொன்னார். அவள் கேட்ட கேள்வி ஒன்றே: அக்காளின் குழந்தையை இனித் தூக்கலாமா என்று. இரண்டு மாதமாக அவள் அதைத் தொடவில்லையாம். “இன்றைக்கே தூக்கம்மா” என்றார் வைத்தியர்.